கோவில்பட்டி வரை வழி சொன்னவனுக்கு

மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். வண்டியில் நான்கு பேர். ஓடிய தூரம் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். வாந்தி பூஜ்யம்.

மகனே, இந்தக் கணக்கை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை ஓடும். உனக்கு இப்போது ஐந்து வயது. உன் அத்தை வீட்டு மாடியறையில், என் பக்கத்தில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். நீ இதை உடனே படிக்க வேண்டியதில்லை. என் வயது உனக்கு ஆகி, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீ நெடுந்தூரம் வண்டி எடுக்கப்போகிற அன்றைக்குப் படி. அதற்குள் வண்டியெல்லாம் தானே ஓடும் என்கிறார்கள். ஓடட்டும். பிள்ளைகள் தாமாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அதற்கு எந்தக் கம்பெனியும் மென்பொருள் எழுதப்போவதில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் கிடையாது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என் வேலை. எது எங்கே ஏன் பழுதாயிற்று என்று அறிக்கை எழுதித்தான் பழக்கம். இதிலும் அந்த வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்.

முதலில், இன்றைக்கு நாம் ஏன் வர வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தை என் ஒரே தங்கை. அவள் மகனுக்கு இன்று காதுகுத்து, கோவில்பட்டிக்கு அப்பால் அவர்கள் குலதெய்வக் கோவிலில். பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான். போன வருஷம் இதே பிள்ளைக்குப் பேர் வைத்தபோது வெள்ளி அரைஞாண் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம், போய்ச் சேரவில்லை. உன் கையில் டேப்லெட்டைக் கொடுத்திருந்தேன். நீ குனிந்த தலை நிமிராமல் பார்த்துக்கொண்டே வந்து, குழித்துறைப் பாலத்தில் அதன் மேலேயே வாந்தி எடுத்தாய். அதைப் பார்த்து உன் தங்கச்சி எடுத்தாள். துடைத்துவிட்டு வண்டியை எடுத்தால் மறுபடியும் ஆரம்பித்தீர்கள். மார்த்தாண்டத்தில், நீங்கள் இருவரும் அலறிய அலறலுக்கு மேல் நான் அலறி, வண்டியைத் திருவனந்தபுரத்துக்கே திருப்பிவிட்டேன். அரைஞாணை மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் ஒருவர் வேறொன்று வாங்கிக் கட்டினார். உன் அத்தை சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தாள். காதுகுத்துக்கு நாள் குறித்ததும் போன் பண்ணினாள்.

"அண்ணே, வர முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க. மடிக்கு வேற ஆளு பாக்கணும்லா."

கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரல். மடிக்கு வேற ஆளு. அந்த அரைஞாண் கட்டிய ஆள்தான், எனக்குத் தெரியும்.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. முந்தின நாளே புறப்படலாம் என்றால் கிரேன் ஒன்று பழுதாகி சனிக்கிழமை மாலை வரை என்னை விடவில்லை. ஆக, காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, பதினொன்றரைக்குள் போய் நிற்க வேண்டும். இதை நான் ஒரு வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்டேன். எக்செல்லில் அட்டவணை போட்டேன். கால் மணிக்கு ஒரு சாமான்: ஸ்டிக்கர் புத்தகம், படம் வரைகிற பலகை, பாட்டு, கதை, மறுபடி ஸ்டிக்கர். எந்த ஊரில் எது என்பது வரை எழுதிப் பிரிண்ட் எடுத்து உன் அம்மாவிடம் நீட்டினேன். அவள் முழுக்கப் படித்துவிட்டு, "இதுல மூத்திரத்துக்கு எங்க நேரம் போட்டிருக்கீங்க?" என்றாள். போடவில்லை. போடாததை ஒத்துக்கொள்ளாமல், அது சாப்பாட்டு நேரத்திலேயே அடங்கும் என்று சொன்னேன்.

அடுத்த பிழை டிக்கி. எங்கள் துறைமுகத்தில், அடியிலிருக்கிற பெட்டியை எடுப்பதற்காக மேலே இருக்கிற பெட்டிகளைத் தூக்கி இறக்க நேர்ந்தால் அது கேவலம். திட்டம் போட்டவன் தலைகுனிய வேண்டும். நான் டிக்கியை ஒரு விரல் இடம் விடாமல் அடுக்கினேன். சீர்த்தட்டுகள், சாலைக் கடைத்தெருவில் வாங்கிய செவ்வாழைத் தார், சிப்ஸ் டின், துணிப்பெட்டி. அடுக்கி முடித்து போட்டோகூட எடுத்தேன். உங்கள் விளையாட்டுச் சாமான் பையில் பாதி அந்தத் தாருக்கு அடியில் இருந்தது. ஆரியசாலையில் நம் தெரு முனையைத் திரும்பும்போதே உன் தங்கச்சி அந்தப் பையிலிருந்த யானையைக் கேட்டாள். கரமனைப் பாலம் வரை கேட்டாள். பாலம் தாண்டியும் கேட்டாள்.

ஸ்டிக்கர் புத்தகம் பாலராமபுரத்தில் தீர்ந்தது. பாதி ஜன்னலில், கொஞ்சம் தங்கச்சி நெற்றியில், ஒன்று என் பின்மண்டையில். பாட்டுக்கு நெய்யாற்றின்கரையில் 'வேண்டாம்' வந்துவிட்டது. பாறசாலை தாண்டும்போது, அட்டவணையில் பனகுடி வரைக்கும் ஒதுக்கியிருந்த அத்தனையும் காலி. அப்புறம் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: "அப்பா, எப்ப எத்தும்?" போய்ச் சேர்வதை மலையாளத்தில் சொல்லி, தமிழ் இழுவையில் கேட்பாய். மூச்சு விடுகிற இடைவெளியில் கேட்டாய். கிலோமீட்டரில் சொன்னேன், நேரத்தில் சொன்னேன், "கேக்காத" என்றும் சொன்னேன். டேஷ்போர்டுக்குள் டேப்லெட்டை ஒளித்து வைத்திருந்தேன். என் கை அந்தப் பக்கம் போனதைப் பின்சீட்டிலிருந்து உன் அம்மா பார்த்துவிட்டாள். "அத எடுத்தீங்கன்னா நான் இங்கயே எறங்கிருவேன்" என்றாள். உன் அம்மா இறங்குவாள். கையை எடுத்துவிட்டேன்.

களியக்காவிளை சந்தைப் பக்கம் ஒரு பஸ் சந்திலிருந்து மூக்கை நீட்டியது. நானும் பார்த்துவிட்டேன், ஆனால் எனக்கு முன்னால் நீ சொன்னாய்: "அப்பா, பஸ்." நான் யோசிக்காமல், வேலையில் வாக்கிடாக்கியில் சொல்கிற பழக்கத்தில், "காப்பி" என்றேன்.

"காப்பியா?"

"கேட்டுச்சுன்னு அர்த்தம். நீ சொன்னது எனக்குக் கெடச்சுதுன்னு."

பிறகு, "முன்னாடி லாரி." காப்பி. "ஹம்ப் வருது." காப்பி. "ஒரு சேட்டன் சைக்கிள்ல." காப்பி. உன் அம்மா, "எனக்கும் ஒண்ணு சொல்லுங்க, சீனி கம்மியா" என்றாள். நீ சிரிக்கவில்லை. வேலையில் இருக்கிறவன் சிரிக்க மாட்டான்.

அப்போதுதான் எனக்கு எட்டியது. எங்கள் வேலையில் ஓர் ஏற்பாடு உண்டு. பளுவான மோட்டாரை கிரேனால் தூக்கும்போது, கிரேன் ஓட்டுகிறவருக்குச் சில சமயம் மோட்டார் கண்ணில் படாது. நடுவில் சுவர் இருக்கும், இயந்திரம் இருக்கும். மோட்டார் பக்கத்தில் ஒருவர் நின்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்: இறக்கு, இறக்கு, இன்னும் இறக்கு. அந்தக் குரல்தான் ஓட்டுகிறவருக்குக் கண். குரல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும். ஏன் நின்றது என்று கேள்வி கிடையாது. தும்மினாரோ, பட்டன் வழுக்கியதோ, யாருக்குத் தெரியும். முதலில் நிறுத்து, பிறகு கேள். இதில் சீனியர், ஜூனியர் கிடையாது. நான் உன்னை அந்த வேலையில் போட்டேன். உன் தண்ணீர் பாட்டில்தான் வாக்கிடாக்கி, பேர் கண்ட்ரோல். விதியையும் அப்படியே சொன்னேன்: நீ பேசுகிற வரைக்கும் வண்டி போகும், நான் கூப்பிட்டு நீ பதில் தரவில்லை என்றால் ஓரமாக நிறுத்திவிடுவேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உன் பிள்ளைகளிடம் நீ குழப்பிவிடக் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் என் கண்ணை நம்பித்தான் ஓடின. நீ சொன்னாய் என்று நான் எதையும் முந்தவில்லை. ஆனால் நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், ஒன்றைக்கூட விடவில்லை. பதில் சொல்ல அலுப்பாயிருந்தால் இந்த வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதே.

மார்த்தாண்டம் வந்தது, போனது. போன தடவை வண்டியைத் திருப்பிய இடத்தை நீ கவனிக்கவில்லை; உனக்கு முன்னால் கோழி ஏற்றிய வேன் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதைப் பற்றி விரிவாக அறிவித்துக்கொண்டிருந்தாய். நான் கவனித்தேன். உன் அம்மாவும் கவனித்தாள், கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

தக்கலையில் நீ திடீரென்று பேச்சை நிறுத்தினாய். "கண்ட்ரோல்" என்றேன். பதிலில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பதிலில்லை. ஒரு பேக்கரி வாசலில் ஒதுக்கி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வாய் கொள்ளாத சிரிப்புடன் உட்கார்ந்திருக்கிறாய்.

"நிக்குமான்னு பாத்தேன்."

எனக்கு மண்டைக்கு ஏறியது. நேரம் போகிறது, விளையாட்டா என்று ஆரம்பித்தேன். உன் அம்மா குறுக்கே விழுந்தாள்: "ரூலு யாரு போட்டது? அவன் சோதிச்சுப் பாத்தான். நீங்க கிரேன் வாங்குனா சோதிக்க மாட்டீங்களா?" அவள் சொன்னது சரி. நிறுத்தியதால் ஐந்து நிமிடம் போனது. ஆனால் அதற்குப் பிறகு நீ செய்த வேலை வேறு மாதிரி இருந்தது. முன்பு விளையாட்டாகச் சொன்னாய், இப்போது பொறுப்பாகச் சொன்னாய். நிஜமாகவே வண்டி நிற்கிறது என்று தெரிந்துவிட்டதே. இதை மறக்காதே. பொய் வேலை கொடுத்தால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடும். விளையாட்டு ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்து 'நீதான் ஓட்டுகிறாய்' என்று சொல்கிற அப்பன்களை எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளையும் அதை மூன்றாவது வளைவு வரை நம்பியதில்லை.

நாகர்கோவிலில் இட்லிப் பொட்டலம் பிரித்தோம். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக அறிவித்தாய். நானும் ஒவ்வொன்றுக்கும் காப்பி சொன்னேன். உன் தங்கச்சியும் சேர்ந்துகொண்டு, எதற்கு என்றே தெரியாமல் "காப்பி, காப்பி" என்றாள். யானையை மறந்துவிட்டாள். பத்துப் பதினைந்து காற்றாலைக்குப் பிறகு உன் அம்மா கும்பிட்டாள்: "மக்களே, மொத்தமா சொல்லேன்." நீ மறுத்துவிட்டாய். ஒவ்வொன்றும் வேறு காற்றாலை என்றாய். தொழில்நுட்பப்படி நீ சொன்னது சரி.

பனகுடி தாண்டி, நாலுவழிச் சாலையில் வண்டி நன்றாக இழுத்துக்கொண்டு போகும்போது மறுபடியும் நீ அடங்கிவிட்டாய். கூப்பிட்டேன். இல்லை. உன் அம்மா தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணசந்திருந்தாள். தக்கலை நாடகம்தான் என்று நினைத்தேன். ரோடு காலியாக இருந்தது, விட்ட நேரத்தைப் பிடிக்க இதுதான் இடம். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இரண்டு நிமிடத்தில் தானே பேசுவான், போய்விடலாம் என்று மனசு சொன்னது. ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்: கிரேன் மேலே இருந்தால் இப்படி யோசிப்பாயா? சிக்னலைப் போட்டு ஓரம் கட்டினேன்.

திரும்பினால் நீ சிரிக்கவில்லை. முகம் வெளிறி, உதட்டை இறுக்கி மூடி, கழுத்தில் வியர்வை. பாட்டில் மூடி காலடியில் விழுந்து, அதைத் தேடிக் குனிந்தே வந்திருக்கிறாய். கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, ரோட்டை விட்டுக் கீழே இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் உன்னை நிறுத்தினேன். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தலையை நிமிர்த்தி, தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னேன். நான் உன் முதுகில் கை வைத்துக்கொண்டு வாட்சைப் பார்க்காமல் நின்றேன். எனக்கு அது எளிதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாய். பிறகு சொன்னாய்:

"வாயத் தொறந்தா வந்துரும்னு தோணிச்சு. அதான் மிண்டாம இருந்தேன். நீங்க நிறுத்துவீங்கல்லா."

மகனே, எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள்கூட என் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. உன்னால் பேச முடியாது, ஆனால் பேசாமல் இருந்தால் வண்டி நிற்கும் என்று உனக்குத் தெரியும், அதனால் காத்திருந்தாய். நான் இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருந்தால் வண்டிக்குள் எடுத்திருப்பாய், தங்கச்சி தொடர்ந்திருப்பாள், மார்த்தாண்டக் கதை பனகுடியில் நடந்திருக்கும். நடக்கவில்லை. ரோட்டை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் வயிறு புரட்டுவது குறையும். நீ வழி சொன்ன நேரமெல்லாம் நிமிர்ந்தே இருந்தாய். அதை யோசித்து நான் உனக்கு இந்த வேலையைக் கொடுக்கவில்லை. தற்செயல். ஆனால் ஊரில் என் திறமை என்றுதான் சொல்லிக்கொள்ளப் போகிறேன். நீயும் உன் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிக்கொள்.

நீயே ஏறி உட்கார்ந்து, "கண்ட்ரோல் ரெடி, போலாம்" என்றாய். திருநெல்வேலியைத் தொட்டபோது பத்தே கால். கயத்தாறு தாண்டும்போது உன் அத்தை போன் பண்ணினாள். அண்ணன் எங்கே வந்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறாள். அரைஞாண் கட்டிய அந்த உறவுக்காரர் புது வேட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருக்கிறார், நேரமானால் அவர் மடியில் வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். போனை எடுத்தது உன் அம்மா. நிதானமாகக் கேட்டுவிட்டு, "அவர மடிய மடக்கிட்டு எந்திரிக்கச் சொல்லு. ஆளு வந்தாச்சு" என்று வைத்துவிட்டாள். அப்போது கோவில் இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

கடைசி மூன்று கிலோமீட்டர் ஊர்ச்சாலை. "முன்னாடி ஆடு" என்றாய். காப்பி. "இன்னும் ஆடு." காப்பி. ஒரு கிடை ஆடும் ரோட்டில். ஹாரனில் கை வைத்தேன். நீ, "அப்பா, ஆட்டுக்குட்டி நடுவுல நிக்குது, வெயிட் பண்ணுங்க" என்றாய். வெயிட் பண்ணினேன். ஒருவர் வெயிட் பண்ணச் சொல்லி, அந்தச் சொல்லை நான் கேட்டு நின்றது, என் ஞாபகத்தில் இதுதான் முதல் தடவை.

பதினொன்று இருபதுக்குக் கோவில் பந்தலில் வண்டி நின்றது. புது வேட்டிக்காரர் எழுந்து இடம் விட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் எழுந்தார், பிறகு எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். என் மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் அது வீறிட்டது, நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். உன் அத்தை எனக்கு எதிரே குனிந்து நின்றாள். ஒரு காது, மறு காது, முடிந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பக்கத்தில் பாட்டிலும் கையுமாக நின்ற உன்னிடம் கேட்டாள்: இவ்வளவு தூரம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறீர்களே, இன்றைக்கு வண்டியை ஓட்டினது யார்?

"அப்பாதான் ஓட்டினாங்க. நான் கொண்டு வந்தேன்."

உன் அத்தை அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கேட்டியாலே?" என்றாள். மரியாதை போய்விட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு என் தங்கை என்னை 'லே' போட்டுக் கூப்பிட்டாள், பந்தல் முழுக்கக் கேட்க. ஒரு துறைமுகத்தையே பழுது பார்த்து ஓட விட்டதுபோல் இருந்தது எனக்கு. இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ புரண்டு படுக்கிறாய், எழுந்துவிடுவாய். இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்குத் திரும்பும்போது டிக்கியை உன் அம்மா சொல்கிற வரிசையில் அடுக்குவேன். போட்டோ எடுக்க மாட்டேன்.

2. அட்டவணையைக் கிழிப்பேன். வேண்டுமானால் மூத்திரத்துக்கு மட்டும் நேரம் போட்டுப் புதிதாக ஒன்று எழுதுவேன்.

3. உன் தங்கச்சி ஒழுங்காகப் பேச ஆரம்பித்ததும் பாதி வழி அவளுக்குக் கொடுப்பேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். அன்றைக்குப் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

4. பூஜை விடுமுறையில் தஞ்சாவூர் போவோம். இதைப் போல இரண்டு மடங்கு தூரம். எனக்குப் பயமில்லை.

5. இந்தப் பேனாவை மூடியதும் கீழே இறங்கிப் போய் என் தங்கையிடம் சொல்வேன்: அடுத்த விசேஷத்துக்கு வருவாயா என்று போன் பண்ணிக் கேட்காதே. நாளைக் குறி, நேரத்தைச் சொல். மடிக்கு ஆள் இருக்கிறது.